இரகசிய வருகையா, பகிரங்க வருகையா? தமிழ் ‘கடைசிகால வரைபடம்’ வாங்குமுன்

கோலாலம்பூர், பினாங்கு தமிழ்ச் சபைகளின் புத்தக மேசையில் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் அடிக்கடி கண்ணில் படுவது கடைசிகால வரைபடம். இடப்பக்கம் சிலுவை, வலப்பக்கம் புதிய வானம் புதிய பூமி, நடுவில் அம்புக்குறிகளும் வசன எண்களும். ஒரே படத்தைப் பல சபைகளும் ஊழியங்களும் சிறு மாற்றங்களோடு தாங்களே அச்சிட்டுக்கொள்வதால் வெளியீட்டாளர் பெயரைச் சொல்லிப் பயனில்லை. இங்கே பார்ப்பது அதிகம் புழங்கும் பதிப்பை. கிறிஸ்துவின் இரண்டாம் வருகை கண்ணுக்குத் தெரியுமா தெரியாதா என்று வீட்டுக்கூட்டத்தில் படிக்க நினைப்பவர்களுக்கு இது எந்த அளவு உதவும், எங்கே திருத்தவேண்டும் என்பதே கேள்வி.

மூன்று வடிவில் கிடைக்கிறது. ஏ1 அளவில் லேமினேட் செய்த தாள் 35 ரிங்கிட். ஆறடிக்கு மூன்றடி ஃபிளெக்ஸ் பதாகை 60 ரிங்கிட். மடிக்கக்கூடிய ஏ3 தாள் பத்தும் 32 பக்கக் கையேடு ஒன்றும் சேர்ந்த கட்டு 40 ரிங்கிட். விலை சபைக்குச் சபை கொஞ்சம் மாறும். ‘முஸ்லிம் அல்லாதோருக்கு மட்டும்’ என்ற வரி மூன்றிலும் கீழ் ஓரத்தில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப் பிரதியை எடுத்து அச்சிடலாம் என்று நினைக்கவேண்டாம். அது பலமுறை சுருக்கப்பட்ட கோப்பு. ஏ3-க்குப் பெரிதாக்கினால் வசன எண்களில் 3-உம் 8-உம் ஒன்றாகத் தெரியும். வசன எண் தப்பினால் வரைபடத்தால் ஒரு பயனும் இல்லை.

ஏ1 தாளின் லேமினேஷன் பளபளப்பு ரகம். டியூப் லைட்டுக்கு நேர் எதிரே மாட்டினால் நடுப்பகுதி முழுக்க வெளிச்சம் அடித்து, பின்வரிசையில் இருப்பவருக்கு எழுத்தே தெரியாது. விளக்குக்குப் பக்கவாட்டுச் சுவரில் மாட்டுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஓரம் ஒட்டாமல் பிரிவது வழக்கம். தாளுக்கு வெளியே அரை அங்குலமாவது பிளாஸ்டிக் ஓரம் விட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். தாளின் விளிம்போடு ஒட்ட வெட்டியிருந்தால் சில மாதங்களில் ஈரம் உள்ளே ஏறிவிடும். லேமினேஷன் மேல் வைட்போர்டு பேனாவால் எழுதி அன்றே துடைத்தால் போகும். ஒரு வாரம் விட்டால் கறை பிடிக்கும், அப்போது கை சுத்திகரிப்பான் ஜெல்லைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம். ஃபிளெக்ஸ் பதாகை பெரிய மண்டபத்துக்கு மட்டுமே சரி. அதில் எதையும் எழுதி அழிக்க முடியாது. இந்தப் பாடமோ எழுதி அழித்து எழுதியே படிக்கவேண்டிய பாடம். அதனால் என் தேர்வு ஏ3 கட்டுதான்.

இனி உள்ளே இருப்பது.

இடமிருந்து வலம்: சிலுவை, பெந்தெகொஸ்தே, சபையின் காலம், மேல்நோக்கிய நீல அம்பு, ஏழு வருட உபத்திரவ காலம், கீழ்நோக்கிய தங்க நிற அம்பு, ஆயிரவருட அரசாட்சி, வெள்ளைச் சிங்காசன நியாயத்தீர்ப்பு, புதிய வானம் புதிய பூமி. நீல அம்பின்மேல் ‘இரகசிய வருகை: மத்திய ஆகாயம்’ என்றும், தங்க அம்பின்மேல் ‘பகிரங்க வருகை: ஒலிவமலை’ என்றும் எழுதியிருக்கிறது. அதாவது, கிறிஸ்து முதலில் ஆகாயம்வரை மட்டும் வந்து சபையை எடுத்துக்கொள்வார், ஏழு வருடம் கழித்து எல்லாரும் காணப் பூமிக்கு வருவார் என்பது இதன் பொருள். ஏழு வருடம் இரண்டாகப் பிரிந்து ஒவ்வொரு பாதிக்கும் 42 மாதம், 1260 நாள் என்று போட்டிருப்பது தெளிவு. வெளிப்படுத்தின விசேஷம் 11-ஆம் அதிகாரம் 2, 3 வசனங்களில் இரண்டு எண்களும் அடுத்தடுத்து வருகின்றன. மாதத்துக்கு 30 நாள் என்ற கணக்கும் அங்கேயே தெரிந்துவிடுகிறது.

இந்த ரகப் படங்களுக்கு வடிவம் கொடுத்தவர் அமெரிக்காவின் கிளாரன்ஸ் லார்கின் (1850–1924). இயந்திரப் பொறியியல் படித்து வரைவாளராக வேலைபார்த்து, பிறகு பாப்டிஸ்ட் போதகரானவர். படம் ஒரு இயந்திர வரைபடம் போல அளவெடுத்து நிற்பதற்குக் காரணம் அதுதான். உள்ளடக்கம் அவருக்கும் மூத்தது. அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்து அந்தச் சபையை விட்டு வெளியேறி, பிரதரன் இயக்கத்தின் முன்னணி ஆசிரியரான ஜான் நெல்சன் டார்பி (1800–1882), 1830-களில் வருகையை இரண்டு கட்டமாகப் பிரித்துப் போதித்தார். 1909-ல் வெளிவந்த ஸ்கோஃபீல்டின் குறிப்புரை வேதாகமம் அதை வசனத்தின் அடிக்குறிப்பாகவே கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்குப்பின் அதைப் படித்த பலருக்கு வசனம் எது, விளக்கம் எது என்று பிரித்துப் பார்ப்பது கடினமாகிவிட்டது. இந்தத் தமிழ் வரைபடத்தின் பெரிய குறையும் இதே இடத்தில்தான் இருக்கிறது.

‘மத்திய ஆகாயம்’ என்ற சொல்லையே பாருங்கள். அதற்குக் கீழே 1 தெசலோனிக்கேயர் 4:17 என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்த வசனத்தில் இருப்பது ‘மேகங்கள்மேல் அவர்களோடேகூட ஆகாயத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டு’ என்பது மட்டும். ‘மத்திய’ என்பதைப் பிரசங்க வழக்கு சேர்த்தது. ‘இரகசிய வருகை’ என்ற தொடரும் வேதாகமத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை. இவை தவறான முடிவுகள் என்று இதனாலேயே சொல்லிவிட முடியாது. திரித்துவம் என்ற சொல்லும் வேதாகமத்தில் இல்லை. ஆனால் வசனத்தின் சொல்லையும் ஆசிரியரின் சொல்லையும் ஒரே எழுத்தில், ஒரே மையில் அச்சிடுவது படிப்பவருக்குச் செய்யும் அநியாயம். வசனச் சொற்களுக்கு ஒரு நிறம், விளக்கச் சொற்களுக்கு வேறு நிறம் என்று வைத்திருந்தால் இந்த வரைபடத்தின் மதிப்பு இரண்டு மடங்காகியிருக்கும்.

நீல அம்பின் கீழ் அடுக்கியிருக்கும் வசனங்களை ஒவ்வொன்றாகத் திறந்தால் இன்னொன்று புரியும். ‘இரகசியம்’ என்ற தலைப்புக்கு அடியில் புதிய ஏற்பாட்டிலேயே அதிகச் சத்தமான வசனம் நிற்கிறது. 1 தெசலோனிக்கேயர் 4:16: ‘கர்த்தர் தாமே ஆரவாரத்தோடும், பிரதான தூதனுடைய சத்தத்தோடும், தேவ எக்காளத்தோடும் வானத்திலிருந்து இறங்கிவருவார்.’ ஆரவாரம், சத்தம், எக்காளம் என்று மூன்று ஒலிகள். இதை உலகம் கேட்காது என்று சொல்லவேண்டுமானால் வசனத்துக்கு வெளியே இருந்து ஒரு காரணம் கொண்டுவரவேண்டும். கையேடு அதை முயல்கிறது. தமஸ்கு வழியில் சவுலோடு போனவர்கள் சத்தத்தைக் கேட்டும் ஒருவரையும் காணவில்லை (அப்போஸ்தலர் 9:7) என்பதை எடுத்துக்காட்டுகிறது. அது நேர்மையான வாதம்தான். ஆனால் அங்கேயும் சத்தம் கேட்டது. தவிர, அது உயிர்த்தெழுந்த கர்த்தர் ஒரு மனிதனுக்குத் தந்த தரிசனம். மரித்தோர் எழுந்திருக்கும் நாளோடு அதை வைத்துப் பார்க்க இயலாது.

அதே பட்டியலில் ‘திருடன் வருகிறவிதமாய்’ (1 தெசலோனிக்கேயர் 5:2) என்பதும் இருக்கிறது. திருடன் சத்தமில்லாமல் வருவான், ஆகவே வருகையும் சத்தமில்லாதது என்று வகுப்பில் ஒருவராவது சொல்வார். உடனே 2 பேதுரு 3:10-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். திருடன் இரவிலே வருகிறவிதமாய் வரும் அந்த நாளில்தான் ‘வானங்கள் மடமடவென்று அகன்றுபோம்’. எதிர்பாராத நேரம் என்பதற்காகத் திருடன் உவமை வந்திருக்கிறது. சத்தமின்மைக்காக வரவில்லை. 2 பேதுரு 3:10-ஐ நீல அம்பின் பட்டியலில் சேர்த்துக்கொள்ளாதது அச்சிட்டவர்களின் கவனக்குறைவா தெரிவா என்று ஆராயவேண்டியதில்லை. நீங்கள் பேனாவால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீல அம்பை மொத்தமாக அழித்துவிடச் சொல்லவில்லை. அதற்குப் பலமான காரணங்களும் உண்டு, கையேட்டின் 9 முதல் 14 வரையுள்ள பக்கங்கள் அவற்றை நன்றாகவே சொல்கின்றன. பிலதெல்பியா சபைக்குத் தந்த ‘சோதனைகாலத்துக்குத் தப்பும்படி’ காக்கும் வாக்கு (வெளிப்படுத்தின விசேஷம் 3:10). மூன்றாம் அதிகாரம்வரை திரும்பத் திரும்ப வந்த ‘சபை’ நான்காம் அதிகாரம் முதல் பதினெட்டுவரை பெயர்சொல்லிக் குறிப்பிடப்படாதது. பரிசுத்தவான்களுக்காக வருவதும் பரிசுத்தவான்களோடு வருவதும் (1 தெசலோனிக்கேயர் 3:13) வேறுவேறு என்ற பகுப்பு. ‘தமக்காகக் காத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு’ தரிசனமாவார் என்ற எபிரெயர் 9:28. ஏனோக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. இவை சபை உபத்திரவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளப்படும் என்பதற்கான வாதங்கள். கண்ணுக்குத் தெரியாமல் எடுத்துக்கொள்ளப்படும் என்பதற்கான வாதங்களாக இவற்றை எடுத்துக்கொண்டால் குழப்பம் வரும். நேரம் பற்றிய கேள்வி ஒன்று, காட்சி பற்றிய கேள்வி ஒன்று. உபத்திரவத்துக்கு முந்திய வருகையை நம்புகிற பல போதகர்கள் அது சத்தமில்லாதது என்று வற்புறுத்துவதும் இல்லை. வரைபடமோ இரண்டு கேள்விகளையும் ஒரே அம்புக்குள் திணித்துவிடுகிறது.

தங்க அம்புக்குக் கீழே உள்ள பட்டியல் திடமானது. ‘கண்கள் யாவும் அவரைக் காணும், அவரைக் குத்தினவர்களும் அவரைக் காண்பார்கள்’ (வெளிப்படுத்தின விசேஷம் 1:7). மனுஷகுமாரன் மேகங்களின்மேல் ‘வருகிறதைக் காண்பார்கள்’ (மாற்கு 13:26). அப்போஸ்தலர் 1:11: ‘எப்படி உங்கள் கண்களுக்கு முன்பாக வானத்துக்கு எழுந்தருளிப்போனாரோ, அப்படியே மறுபடியும் வருவார்’. அவருடைய பாதங்கள் ஒலிவமலையின்மேல் நிற்கும் என்ற சகரியா 14:4. இவற்றோடு மத்தேயு 24:26, 27-ஐ எழுதாமல் விட்டது பெரிய இழப்பு. கண்ணுக்குத் தெரியாத வருகையைப் பற்றி இயேசுவே நேராகப் பேசும் இடம் அது. ‘இதோ, அறைவீட்டிற்குள் இருக்கிறார் என்று சொல்வார்களானால் நம்பாதிருங்கள். மின்னல் கிழக்கிலிருந்து தோன்றி மேற்குவரைக்கும் பிரகாசிக்கிறதுபோல, மனுஷகுமாரனுடைய வருகையும் இருக்கும்.’ இந்த இரண்டு வசனங்களையும் வரைபடத்தின் நடுவில் பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டுத்தான் வகுப்பைத் தொடங்கவேண்டும் என்பேன்.

தங்க அம்புக்கு அருகில், வலது மூலையில், ஒரு செயற்கைக்கோளும் கைத்தொலைபேசியும் வரைந்திருக்கிறார்கள். உருண்டையான பூமியில் எல்லாக் கண்களும் ஒரே நேரத்தில் எப்படிக் காணும் என்ற கேள்விக்கு நேரலை ஒளிபரப்பு என்ற பதில் அது. வசனம் அதைச் சொல்லவில்லை. காண்பார்கள் என்கிறது, காணும் வழியைச் சொல்லவில்லை. மரித்தவர்களை எழுப்புகிறவருக்கு அலைவரிசை தேவைப்படும் என்று ஒரு படம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதை ஏற்க மனம் வரவில்லை. அந்த மூலையை ஒரு வெள்ளை ஸ்டிக்கரால் மூடிவிடலாம்.

கணக்கில் தடுமாறும் இடம்

வரைபடத்தின் மேல்விளிம்பில் தானியேல் 9-ஆம் அதிகாரத்தின் எழுபது வாரங்கள் ஒரு பட்டையாக ஓடுகின்றன. தொடக்கம் கி.மு. 445, ஒரு வாரம் என்பது ஏழு வருடம் என்ற கணக்கில் அறுபத்தொன்பது வாரம், அதாவது 483 வருடம், முடிவு கி.பி. 32. கணக்கு தெரிந்த எந்த இளைஞனும் இதைக் கைத்தொலைபேசியில் போட்டுப் பார்ப்பான். 483-இலிருந்து 445-ஐக் கழித்தால் 38. கி.மு. 1-க்கும் கி.பி. 1-க்கும் நடுவே பூஜ்ய வருடம் கிடையாது, ஆகவே ஒன்றைக் கூட்டவேண்டும். வருவது கி.பி. 39. வரைபடம் 32 என்கிறது. இங்கேதான் வகுப்பு வழக்கமாக நின்றுபோகும், நடத்துகிறவர் வெட்கப்படுவார்.

காரணம் எளிது. இது ஸ்காட்லாந்து யார்டு அதிகாரியாக இருந்த சர் ராபர்ட் ஆண்டர்சன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போட்ட கணக்கு. அவர் வருடத்துக்கு 360 நாள் என்று எடுத்துக்கொண்டார், மேலே சொன்ன 42 மாதம் 1260 நாள் என்ற அடிப்படையில். 483-ஐ 360-ஆல் பெருக்கினால் 1,73,880 நாள். அதைச் சூரிய வருடமாக மாற்றினால் ஏறக்குறைய 476 வருடம். 476-இலிருந்து 445-ஐக் கழித்து ஒன்றைக் கூட்டினால் 32. கணக்கு பொருந்திவிடுகிறது. ஆனால் ‘360 நாள் வருடம்’ என்ற குறிப்பு வரைபடத்தில் எங்கும் இல்லை. அதை எழுதிச் சேர்த்தால் போதும். 360 நாள் வருடம் ஏற்கத்தக்கதா என்பது அதற்கடுத்த விவாதம். தொடக்கத்தைக் கி.மு. 457-க்கு வைத்துச் சாதாரண வருடத்தில் எண்ணுகிறவர்களும் உண்டு, அவர்களுக்கு அறுபத்தொன்பதாம் வாரம் கி.பி. 27-ல் முடிகிறது.

பூஜ்ய வருடம் இல்லை என்பதை வகுப்பில் ஆரம்பத்திலேயே தெளிவாக்குவது நல்லது. வரைபடத்தின் பின்பக்கம் இருக்கும் ‘பிற போதனைகள்’ பெட்டிக்கும் அது தேவைப்படும். அந்தப் பெட்டி மிகச் சிறியது, இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. நம் ஊர்களுக்கு அது போதாது. அடுக்குமாடிக் குடியிருப்பின் கதவைத் தட்டிப் பேசுகிறவர்களிடம் கண்ணுக்குத் தெரியாத வருகையைப் பற்றிக் கேட்டவர்கள் நம் வகுப்பில் இருப்பார்கள். யெகோவாவின் சாட்சிகள், கிறிஸ்து 1914-இலிருந்து பரலோகத்தில் அரசராகப் பிரசன்னமாயிருக்கிறார், அது விசுவாசக் கண்ணால் மட்டும் அறியக்கூடியது என்று போதிக்கிறார்கள். கணக்கு தானியேல் 4-ஆம் அதிகாரத்தின் ஏழு காலங்களிலிருந்து: ஒரு காலம் 360, ஏழு காலம் 2520, நாளுக்கு வருடம். எருசலேம் அழிந்தது கி.மு. 607 என்று தொடங்கினால், 2520 கழித்தல் 607, கூட்டல் ஒன்று: 1914. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. தொடங்கும் வருடத்தில்தான் சிக்கல். பாபிலோனியர் எருசலேமை அழித்ததை வரலாற்றாசிரியர்கள் கி.மு. 587 அல்லது 586-ல் வைக்கிறார்கள். 587-ஐப் போட்டால் வருவது 1934. இந்த இயக்கத்தைத் தொடங்கிய சார்ல்ஸ் டேஸ் ரஸல் முதலில் கண்ணுக்குத் தெரியாத வருகை 1874-ல் நிகழ்ந்துவிட்டதாகப் போதித்தார், 1914-க்கு அது மாறியது அவர் மறைவுக்குப்பின். இதை வாக்குவாதத்துக்கான ஆயுதமாகத் தரவேண்டாம். வாசலில் நிற்பவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இந்தக் கணக்கை அவரோடு சேர்ந்து போட்டுப் பார்க்கிற அளவுக்கு நம்மவர்களைத் தயார்படுத்தவேண்டும்.

அவர்களுடைய வசன வாதங்களையும் பெட்டியில் எழுதுங்கள், இல்லாவிட்டால் நியாயமாகாது. ‘இன்னுங்கொஞ்சக்காலத்திலே உலகம் என்னைக் காணாது’ (யோவான் 14:19). ஒரு மேகம் அவரைக் கண்களுக்கு மறைத்தது (அப்போஸ்தலர் 1:9), அதனால் திரும்ப வருவதும் மறைவாகவே என்பது. தேவனுடைய ராஜ்யம் ‘பிரத்தியட்சமாய் வராது’ (லூக்கா 17:20). கடைசியாகச் சொன்னதற்குப் பதில் அதே அதிகாரத்தில் நான்கு வசனம் தள்ளி, 24-ஆம் வசனத்தின் மின்னலில் இருக்கிறது. யோவான் 14:19-லேயே அடுத்து வருவது ‘நீங்களோ என்னைக் காண்பீர்கள்’. அப்போஸ்தலர் 1:9-ல் மேகம் மறைப்பதற்கு முன்பு ‘அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கையில்’ என்று இருக்கிறது. ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னும் பின்னும் மூன்று வசனம் வாசிப்பது என்ற ஒரே விதியை வகுப்பு பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

தேதி குறித்து ஏமாந்தவர்களின் வரலாற்றைக் கையேடு தொடவே இல்லை, தொட்டிருக்கவேண்டும். தானியேல் 8:14-ன் 2300 நாளை வருடமாக்கி, கி.மு. 457-லிருந்து எண்ணி, வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22-ல் கண்ணுக்குத் தெரியும் வருகைக்காகக் காத்திருந்தார்கள். அவர் வரவில்லை. அவர்களில் ஒரு பிரிவினர், அன்று பரலோக ஆலயத்தில் ஒரு நிகழ்வு தொடங்கியது என்று விளக்கினார்கள். அவர்களிலிருந்து எழுந்த ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை, வருகை சொல்லர்த்தமாகவும் எல்லாருக்கும் தெரியும்படியாகவும் இருக்கும் என்று இன்றுவரை உறுதியாகப் போதிக்கிறது. 2011 மே 21 என்று அமெரிக்க வானொலிப் போதகர் ஹாரல்ட் கேம்பிங் குறித்தார். அந்த நாள் கடந்தபின் அது கண்ணுக்குத் தெரியாத நியாயத்தீர்ப்பு என்றார். குறித்த தேதி பொய்த்தபின் நிகழ்வைக் கண்ணுக்குத் தெரியாததாக மாற்றுவது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. நம் பிள்ளைகள் யூடியூபில் அடுத்த தேதியைக் கேட்குமுன் இதைத் தெரிந்துவைத்திருக்கவேண்டும். அந்த நாளையும் நாழிகையையும் மனிதர் யாரும் அறியார் என்ற மத்தேயு 24:36-ஐ மனப்பாடம் செய்யவைத்தாலே போதும் என்று நினைப்பவர்கள், 1844-ல் காத்திருந்தவர்களுக்கும் அந்த வசனம் தெரிந்திருந்தது என்பதை மறக்கக்கூடாது.

நான்கு வாரத்தில் நடத்தும் முறை

பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட செல் குரூப்புக்கு நான்கு வாரம், வாரம் ஒரு மணி நேரம். முதல் வாரம் வரைபடத்தை விரிக்கவே வேண்டாம். ஒன்பது பகுதிகளை மட்டும் அட்டையில் எழுதிக் கொடுங்கள்: மத்தேயு 24:23–31, 24:36–44, லூக்கா 17:20–37, அப்போஸ்தலர் 1:6–11, 1 கொரிந்தியர் 15:50–54, 1 தெசலோனிக்கேயர் 4:13–5:4, 2 தெசலோனிக்கேயர் 2:1–8, 2 பேதுரு 3:3–10, வெளிப்படுத்தின விசேஷம் 1:7. இருவருக்கு ஒரு பகுதி என்று பிரித்தால், மூன்று நான்கு பகுதி அடுத்த வாரத்துக்கு மிஞ்சும், அதில் தவறில்லை. ஒரு தாளை மூன்று நெடும்பத்திகளாகக் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளவேண்டும்: யார் காண்கிறார்கள், என்ன கேட்கிறது, யாருக்கு என்ன நடக்கிறது. வசனத்தில் இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடவேண்டும். வெறுமையாக விடுவதுதான் கடினம். பழகிய பிரசங்கம் கையைப் பிடித்து எழுதவைக்கும். நடத்துகிறவர் அதைக் கவனித்து, ‘அக்கா, எந்த வசனம்?’ என்று மெதுவாகக் கேட்டாலே போதும்.

இரண்டாம் வாரம் ஏ3 தாளை விரித்து, நீல அம்பையும் தங்க அம்பையும் காகிதத்தால் மறைத்துவிட்டு, அட்டைகளை அவர்களே தங்களுக்குத் தோன்றும் இடத்தில் வைக்கட்டும். 1 தெசலோனிக்கேயர் அட்டையை எங்கே வைப்பது என்பதில்தான் விவாதம் சூடுபிடிக்கும். அப்போது 4:17-ன் ‘எதிர்கொண்டுபோக’ என்பதை மத்தேயு 25:6-இலும் அப்போஸ்தலர் 28:15-இலும் பார்க்கச் சொல்லுங்கள். மணவாளனை எதிர்கொண்டுபோன கன்னிகைகள் அவரோடு கலியாண வீட்டுக்குள் போகிறார்கள். பவுலை அப்பியுபோரம்வரை எதிர்கொண்டுவந்த சகோதரர்கள் அவரோடு ரோமாபுரிக்குத் திரும்புகிறார்கள். நம் மாப்பிள்ளை அழைப்பிலும் எதிர்கொண்டு போகிறவர்கள் மாப்பிள்ளையோடு மண்டபத்துக்கே வருகிறார்கள். இந்த ஒப்பீடு வருகை ஒரே கட்டம்தான் என்று நிரூபித்துவிடாது. யோவான் 14:3-ஐக் காட்டி, அவர் நம்மைப் பிதாவின் வீட்டுக்கு அழைத்துப்போகிறார் என்று மறுதரப்பு சொல்லும், அதற்கும் இடம் கொடுக்கவேண்டும். ஆனால் ஏழு வருட இடைவெளி அந்த வசனத்திலேயே எழுதியிருக்கிறது என்று இனி யாரும் சொல்லமாட்டார்கள்.

மத்தேயு 24:40-ம் அன்றே வரும். ‘ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான்.’ வரைபடம் இதை நீல அம்பில் வைத்திருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தில் ஜலப்பிரளயம் ‘வாரிக்கொண்டுபோனது’ துன்மார்க்கரை, மிஞ்சி நின்றது நோவா. ஆகவே எடுக்கப்படுகிறவன் நல்லவனா கெட்டவனா என்பதே திறந்த கேள்வி. இந்த அட்டையைக் கேள்விக்குறியோடு ஓரத்தில் வையுங்கள்.

மூன்றாம் வாரம் வருடக் கணக்குகளும் பின்பக்கப் பெட்டியும். கி.பி. 70-ல் ரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்ததிலேயே வருகை நிறைவேறிவிட்டது என்ற போதனையையும் இங்கே சேர்க்கலாம், ‘இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது’ (மத்தேயு 24:34) என்பதில் அவர்கள் நிற்கிறார்கள். மரித்தோரின் உயிர்த்தெழுதல் அன்று நடக்கவில்லையே என்ற கேள்விக்கு அவர்களிடம் திருப்தியான பதில் இல்லை என்பது என் கருத்து. நான்காம் வாரம், காகிதத்தை எடுத்துவிட்டு வரைபடத்தை முழுவதும் பார்த்து, வசனம் நேராகச் சொல்வதை முழுக்கோடாகவும், அனுமானத்தைப் புள்ளிக்கோடாகவும் மாற்றி வரைவது.

சபைப் பின்னணி கலந்த குழுவில் சில ஏற்பாடுகள் தேவை. வரைபடம் பழைய மொழிபெயர்ப்பின் புத்தகப் பெயர்களையே பயன்படுத்துகிறது. கத்தோலிக்கர் கையில் திருவிவிலியம் இருக்கும், அதில் திருத்தூதர் பணிகள், திருவெளிப்பாடு என்று தேடவேண்டும். அட்டையில் இரண்டு பெயரையும் எழுதுங்கள். தேசியப் பள்ளியில் படித்த இளையவர்களுக்குப் பழைய மொழிபெயர்ப்பின் நீள வாக்கியங்கள் வாசிக்கத் திணறும். மூத்தவர் ஒருவர் சத்தமாக வாசிக்க, அவர்கள் கைத்தொலைபேசியில் தங்களுக்குப் பழகிய மொழியில் தொடரட்டும்.

இரண்டு அம்பு என்பது எல்லாச் சபைக்கும் பொது என்ற எண்ணம் வராமலும் பார்த்துக்கொள்ளவேண்டும். கையேடு அப்படி ஒரு தோற்றத்தைத் தருகிறது. நிசேயா விசுவாசப்பிரமாணம் சொல்வது மகிமையோடு திரும்ப வரும் ஒரே வருகையை. பிரிக்பீல்ட்ஸ் சீயோன் ஆலயத்துத் தமிழ் லுத்தரன்கள் ஏற்கும் 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கை, 17-ஆம் பிரிவில், உலக முடிவில் நியாயந்தீர்க்கக் கிறிஸ்து தோன்றுவார் என்று ஒரே வருகையையே சொல்கிறது. பினாங்கில் பர்மா ரோட்டில் பிரதரன் மரபின் கோஸ்பல் ஹாலும் இருக்கிறது, அட்வென்டிஸ்ட் மருத்துவமனையும் இருக்கிறது. டார்பியின் இரண்டு கட்ட வருகையைப் பரப்பிய மரபும், ஒரே வருகை, அது எல்லாக் கண்ணுக்கும் தெரியும் என்று போதிக்கும் மரபும் ஒரே சாலையில் பல்லாண்டாக அக்கம்பக்கமாக இருக்கின்றன. வரைபடத்தின் ஓரத்தில் ‘இது ஒரு மரபின் வாசிப்பு’ என்று ஒரு வரி அச்சிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால் வாங்கும்போது மூன்று இடத்தைப் பாருங்கள். மேல்விளிம்பில் கி.மு. 445-க்குப் பக்கத்தில் 360 நாள் குறிப்பு இருக்கிறதா, தங்க அம்பின் பட்டியலில் மத்தேயு 24:27 இருக்கிறதா, தெசலோனிக்கேயர் எண்கள் சரியா. பழைய அச்சுகள் சிலவற்றில் 1 தெசலோனிக்கேயர் 4:16 என்பது 2 தெசலோனிக்கேயர் 4:16 என்று இருக்கிறது. இரண்டாம் நிருபத்துக்கு மூன்றே அதிகாரம். அந்த அச்சு கையில் கிடைத்தால் மேசையிலேயே திருப்பிக் கொடுத்து அடுத்த அச்சைக் கேளுங்கள். ஏ3 கட்டு வாங்குகிறவர்கள் தாளை எண்ணிக்கொள்வதும் நல்லது, மெல்லிய தாள் ஒன்றோடொன்று ஒட்டி ஒன்பதாக வருவதுண்டு.